கற்பனை என்று ஒட்டிய துண்டு

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குச் சொந்தமாக ஒரு சுவர்கூட இல்லை. கிளென் வேவர்லிப் புறநகரில் ஒரு அரசாங்கப் பள்ளிக்கூடத்தின் வகுப்பறைகளை அரை நாள் வாடகைக்கு எடுத்து நடத்தினோம். நூலகம் என்பது மூடி போட்ட சில பிளாஸ்ரிக் பெட்டிகள்தான். கிழமை முழுக்கப் பள்ளிக்கூடக் கொமிற்றித் தலைவரின் கராஜில் கிடந்து, சனி காலையில் அவருடைய வான் வண்டியில் வந்து இறங்கும். மேசை போட்டுப் புத்தகம் கொடுத்து வாங்குவது என் வேலை. பிள்ளைகள் கிட்டவே வரமாட்டார்கள், "டூ ஹார்ட் அன்ரி" என்று ஓடிவிடுவார்கள். வாசித்ததெல்லாம் வெளியே காத்திருந்த அம்மாமார்தான்.

ஒரு சனிக்கிழமை ஒரு புத்தகத்தைக் காணவில்லை. மெல்லிய சிறுகதைத் தொகுப்பு, சென்னையில் அச்சடித்தது. எழுதியவள் எங்களிடம் மகளைப் படிக்க விட்டிருந்த ஒரு தாய். போர் முடிந்ததும் வன்னியிலிருந்து இந்தியாவுக்குப் போய், ஏற்கெனவே இங்கே இருந்த புருஷனிடம் வந்து சேர்ந்தவள். முதியோர் இல்லமொன்றில் வேலை. தலைவரிடம் கேட்டேன். கராஜில் எங்கேயோ விழுந்திருக்கும், தேடிப் பார்க்கிறேன் என்றார். அடுத்த கிழமையும் அதே பதில், அதற்கடுத்த கிழமையும். தேடித் தேடிக் களைக்கிற அளவுக்குப் பெரிய கராஜ் அது இல்லை. அவர் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு அதற்குள் நெருக்கியடித்து இருந்து சாப்பிட்ட எனக்கு அது தெரியாதா?

பிரச்சினை ஒரு கதைதான். கடைசிச் சண்டைக் காலத்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று எங்கள் இயக்க ஆட்களே சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். நடக்க முடியாதவனை விட்டுவிடுவார்கள் என்று நம்பி, ஒரு தாய் மகனின் காலில் கொதிதண்ணீரை ஊற்றுகிறாள். அவர்கள் வந்து, நொண்டுகிற அவனையும் கொண்டுபோகிறார்கள். அவன் திரும்பி வரவில்லை. அவ்வளவுதான் கதை. அது நடந்தது என்று எனக்குத் தெரியும். ஒருநாள் அவளை வேலைக்குக் கொண்டுபோய் விடும்போது, சிவப்பு விளக்கில் கார் நின்ற இடத்தில், "அது நான்தான் அக்கா" என்றாள். விளக்கு பச்சையானதும் தக்காளி எங்கே மலிவு என்று கேட்டாள். நானும் மேற்கொண்டு கிளறவில்லை.

கொமிற்றியில் தடை என்ற சொல்லை ஒருவரும் வாயில் எடுக்கவில்லை. இது நேரமில்லை என்றார்கள். காயம் ஆறவில்லை என்றார்கள். எங்களைக் குற்றம் சொல்லக் காத்திருக்கிறவர்களுக்கு நாங்களே எடுத்துக் கொடுப்பதா என்றார்கள். அவர்களிலும் கூடப்பிறந்தவர்களைப் பறிகொடுத்தவர்கள் இருந்தார்கள், அந்த வலியைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தலைவரைத் தவிர ஒருவரும் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஊரில் எழுதினால் அரசாங்கத்துக்கும் பயம், மற்றப் பக்கத்துக்கும் பயம், இங்கே வந்தும் ஒருத்தி உங்கள் கராஜுக்குப் பயந்து எழுத வேண்டுமா என்று கத்தினேன். பெற்றோரைக் கூப்பிடுங்கள், கதையைச் சத்தமாக வாசியுங்கள், கேட்டுவிட்டு அவர்கள் முடிவெடுக்கட்டும் என்றேன். யாராலும் மறுக்க முடியாத நியாயம் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. எழுதியவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

பெற்றோர் கூட்டத்தன்று சின்னப் பிள்ளைகளின் கதிரைகளில் முழங்கால் நெஞ்சில் முட்ட எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அவள் கடைசி வரிசையில் இருந்தாள், பக்கத்தில் புருஷன். டாக்சி ஓட்டுகிற, அதிகம் பேசாத மனிதர். மனைவி புத்தகம் போட்டதில் சந்தோஷம், ஆனால் வாசிக்கிற பழக்கம் இல்லை. தலைவரே கதையை வாசித்தார். நன்றாகத்தான் வாசித்தார், அதையும் சொல்ல வேண்டும். கொதிதண்ணீர் வந்த இடத்தில் ஒரு கதிரையும் அசையவில்லை. வென்றுவிட்டோம் என்ற நினைப்பில் அவளைப் பார்க்கத் திரும்பினேன். அவளுடைய புருஷன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகன் ஷெல் விழுந்து செத்தான் என்றுதான் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவருக்கு உண்மை தெரியாது என்பது அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

முன்வரிசையில் இருந்த ஒருவர், இது நடந்ததா சும்மா எழுதியதா, எழுதியவரே சொல்லட்டும் என்றார். அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை என்று நான் பாய்ந்தேன். அதற்குள் அவள் எழும்பிவிட்டாள்.

"ஓம், எல்லாம் கற்பனைதான்," என்றாள். "பெத்த தாய் அப்பிடிச் செய்வாளே?"

தலைவருக்குப் பெரிய நிம்மதி. அப்படியென்றால் முதல் பக்கத்தில் அதை அச்சடித்து ஒட்டிவிடுவோம், பிறகு ஆருக்கு என்ன ஆட்சேபனை என்றார். ஒருவருக்கும் இருக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை புத்தகம் கராஜிலிருந்து தன்பாட்டில் வந்துவிட்டது. இதில் வரும் யாவும் கற்பனையே என்று ஒரு வெள்ளைத் துண்டு, மூலை மடியாமல் அழகாக ஒட்டப்பட்டிருந்தது. சிலர் வந்து எனக்குக் கைகொடுத்தார்கள். புத்தகத்தைக் காப்பாற்றினது நீங்கள்தான் என்றார்கள்.

அடுத்த தடவை அவள் காரில் ஏறியபோது நான் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கோ அக்கா, இனி ஒருத்தரிட்டயும் அதைப் பற்றிக் கதைக்காதேங்கோ" என்றாள். சரி என்றேன். இரண்டாவது தொகுப்புக்குப் பாதி எழுதிவைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் வேலை கூடிப்போச்சு என்றாள். பிறகு நானும் கேட்பதை விட்டுவிட்டேன். புத்தகத்தை அவர்கள் கராஜுக்குள்ளேயே வைத்திருந்தால் அவள் தொடர்ந்து எழுதியிருப்பாளோ என்று யோசித்து, எனக்கு நானே எரிச்சல் பட்டிருக்கிறேன்.

அதற்கடுத்த வருஷம், அகதிகளாகப் படகில் வந்தவர்கள் சிலர் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவர்களில் ஒரு பெண், தற்காலிக விசாவில் இருந்தவள், கிழமைக்கு ஒரு புத்தகம் எடுப்பாள். எடுத்ததைப் பற்றி ஒன்றும் பேசமாட்டாள். ஒரு சனிக்கிழமை இந்தத் தொகுப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அதன்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"அக்கா, நானும் என்ர பிள்ளைக்கு இதைத்தான் செய்தனான்," என்றாள். "உலகத்தில நான் ஒருத்திதான் அப்பிடிச் செய்தனான் எண்டு இருந்தன். வாசிக்கேக்க, இன்னொருத்தியும் இருக்கிறாள் எண்டு நினைச்சன். பிறகுதான் முன்னுக்கு ஒட்டியிருக்கிறதைப் பார்த்தன். இது உண்மையிலயே நடக்கேல்லையே?"

எழுதியவள் சற்றுத் தள்ளி, வகுப்பறை வாசலில், மகளின் பையைப் பிடித்தபடி புருஷனோடு நின்றாள். அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். என்னைப் பார்த்தாள். பிறகு, மெல்ல, இல்லை என்று தலையை ஆட்டினாள்.

கொமிற்றியையே கத்திக் கலங்கடித்த நான், குனிந்து பதிவுக் கொப்பியில் புத்தகத்தின் பெயரைத் தேடினேன்.

"இல்லைப் பிள்ளை, கற்பனைதான்," என்றேன்.

அந்தப் பெண் கையை எடுத்தாள். "அப்ப நான் ஒருத்திதான்," என்று சொல்லிவிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.