நைனா மாட்டாத செயின்

அத்தையைக் காஞ்சிபுரத்தில் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விடுவதற்குத் தாத்தா ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்திருந்தார். பத்தரைக்கு ராகுகாலம்; அதற்குள் புறப்பட வேண்டும். ஒரு மாதத்துக்கு முன் தனியாக பஸ்ஸில் வந்து இறங்கியவள் அத்தை. முழங்கையில் சுட்ட காயம் இருந்தது. சோறு வடிக்கும்போது கஞ்சி கொட்டிவிட்டதாக எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

எனக்கு ஏழு வயது. அத்தை போகிறாள் என்பதைவிட, நான் காரில் போகிறேன் என்பதுதான் பெரிய விஷயம். விடியலிலேயே பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு, காலடிப்பேட்டை வீட்டு வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

கார்தான் தயாராகவில்லை. தாத்தா ஏலத்தில் எடுத்த பழைய வண்டி. காரில் கொண்டுபோய் இறக்கினால்தான் மாப்பிள்ளை வீட்டில் மரியாதை என்பது அவர் எண்ணம். ஆனால் இஞ்சினுக்குள் டைமிங் செயின் தொய்ந்து கடகடவென்று அடித்தது. துறைமுகப் பட்டறையில் வேலை பார்த்த என் அப்பா, நைனா, முதல் நாளே ரேடியேட்டரையும் முன்மூடியையும் கழற்றி, பல்சக்கரங்கள் இரண்டிலும் குறி பார்த்துப் புதுச் செயினைச் சுற்றிவிட்டார். அதன் இரு முனைகளையும் பூட்டுகிற நகத்தளவு லாக்தான் காணவில்லை. பாகங்களைப் பரப்பியிருந்த சாக்கை உதறினார்கள். மண்ணைச் சலித்தார்கள். தாத்தா கடிகாரத்தைப் பார்ப்பதும் நைனாவை ஏசுவதுமாக இருந்தார். அவர் குரல் ஏற ஏற நான் வீட்டுக்குள் ஒதுங்கினேன்.

இருப்புக்கொள்ளாமல், இன்னொரு தரம் பவுடர் பூசிக்கொள்ளலாமென்று அத்தையின் பெட்டியைத் திறந்தேன். பவுடர் டப்பாவுக்குள் விரலை விட்டதும் லாக் தட்டுப்பட்டது. சொன்னால் அத்தைக்குத் திட்டு விழும் என்பது மட்டும் புரிந்தது. அதைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடி, மண்ணில் கிடந்ததாகச் சொல்லி நைனா கையில் வைத்தேன்.

நைனா அதை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு வீட்டைத் திரும்பிப் பார்த்தார். கதவருகே அத்தை நின்றிருந்தாள். அவர் லாக்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இது அந்த லாக்கு இல்ல," என்றார் தாத்தாவிடம். "வண்டி இன்னிக்குப் போவாது."

"அப்ப எப்பதான்டா போவும்?"

நைனா துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"போவாது."

அதேதான் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அத்தை என்னை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அவள் கண்ணீர் என் உச்சந்தலையில் விழுந்தது. பயணம் தப்பிப்போன ஏமாற்றம் அவளுக்கும்தான் என்று நினைத்து, நானும் சேர்ந்து அழுதேன்.

கார் முகம் திறந்தபடியே மூன்று மாதம் வாசலில் நின்றது. தாத்தா முதலில் தினமும் கேட்டார், பிறகு எப்போதாவது, பிறகு கேட்கவில்லை. அத்தை ராயபுரத்தில் தையல் பழகப் போனாள். நானோ, எங்கள் நைனாவுக்கு ஒரு செயின் மாட்டக்கூடத் தெரியாது என்று பள்ளிக்கூடத்தில் நெடுநாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.