அம்மாளிடம் போய்வந்த பற்றரி

மின்சாரச் சைக்கிள் பெட்டிக்குள் வந்தது. அதைப் பிரித்த அன்று மத்தியானம் நான் சாப்பிட மறந்துவிட்டேன். என் வயிற்றைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று விளங்கும்.

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்திலேயே எனக்கு இந்த ஆசை பிடித்துவிட்டது. என் பழைய மோட்டார் சைக்கிளை நான் ஓடிய தூரத்தைவிட உருட்டிய தூரம் கூட. உருட்டும்போது பின்னாலிருந்து தள்ளியவள் என் மனைவி. ஆகவே கரம்பொன்னில் எங்கள் வளவுக்குள் புதுச் சைக்கிள் பளபளத்து நின்றபோது, அவள் வாசல் படலையடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏறும், ஒருக்கா வேலணை மட்டும் போயிட்டு வருவம்" என்றேன்.

"நயினாதீவு அம்மாள் கோயிலில பூசை போடாமல் நான் உதில ஏறன். உங்கட பழைய சைக்கிளோட நான் நடந்த தூரத்துக்குக் கதிர்காமம் போய் வந்திருக்கலாம்."

எனக்கோ ஒரே ஒரு ஆசை. அவளைப் பின்னால் இருத்திக்கொண்டு, இரண்டு பக்கமும் கடல் கிடக்கிற தாம்போதி வழியே, தள்ளாமல், உருட்டாமல், ஒருதரம் சும்மா போகவேண்டும். இத்தனை வருடத்தில் அது நடக்கவில்லை.

வெள்ளிக்கிழமை போவதாக முடிவானது. அதுவரைக்கும் சைக்கிளை அலங்கரித்தேன். இரண்டு பக்கமும் கண்ணாடி, முன்னால் கூடை, கைபேசியைக் கவ்விப் பிடிக்க ஒரு கொடுக்கு, மழைக்கு உறை. பற்றரியைக் கழற்றிக் குசினிக்குள் வைத்துச் சார்ஜ் ஏற்றினேன். சிவப்பு விளக்கு பச்சையாகும் வரைக்கும் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன்.

"நான் சமைக்கேக்கை ஒருநாளும் இப்பிடி வந்து இருந்ததில்லை" என்றாள் மனைவி, அரிவாளில் மீனை வெட்டிக்கொண்டு. அரிவாள் கையில் இருந்ததால் நான் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

பிறகு கள்ளர் பயம் பிடித்தது. முன்சில்லுக்கு ஒரு பூட்டு, பின்சில்லுக்கு ஒரு பூட்டு, பூவரசோடு சேர்த்துக் கட்ட ஒரு சங்கிலி. அதோடு, தொட்டால் அலறுகிற ஒரு சின்னப் பெட்டி. அதற்குத் தனி பற்றரி. பெரிய பற்றரியைக் கழற்றினாலும் அது கத்தும். கள்ளன் ஒருவனும் வரவில்லை. காகம் வந்து இருந்தது, கத்தியது. ஆடு வந்து முதுகைத் தேய்த்தது, கத்தியது. காற்றடித்தது, அதற்கும் கத்தியது. முன்வீட்டு அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, உம்மட சைக்கிளை ஒருத்தரும் எடுக்காயினம். இவ்வளவு பூட்டையும் கண்டுட்டு, பூட்டை எடுக்கத்தான் வருவினம்."

வெள்ளிக்கிழமை வந்தது. சொன்ன சொல் மாறாமல் மனைவி பஸ்ஸில் ஏறினாள். நான் சைக்கிளில் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் புறப்பட்டேன். அங்கிருந்துதான் நயினாதீவுக்குப் படகு. வேலணை தாண்டிப் புங்குடுதீவுத் தாம்போதியில் ஏறியதும் சோழகக் காற்று முகத்தில் அறைந்தது. ஆனாலும் சைக்கிள் போனது! பெடலை உழக்காமலே போனது! நான் தனியே சிரித்துக்கொண்டு போனேன்; வாயைத் திறந்து சிரித்ததில் பாதிக் காற்று வயிற்றுக்குள் போயிருக்கும். பஸ் என்னை முந்தியது. மனைவி யன்னலால் கையாட்டினாள், வெளிநாடு போகிறவரை வழியனுப்புவது மாதிரி.

இறங்குதுறையில்தான் முதல் இடி.

"சைக்கிள் ஏத்த ஏலாது அண்ணை" என்றார் படகுக்காரர். "இண்டைக்குச் சனம் கூட."

புது வாகனம் வாங்கினால் கோயில் வாசலில் நிறுத்தி, பூசை செய்து, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்த பிறகுதான் எங்களில் பலர் நிம்மதியாக ஓடுவோம். சைக்கிள் போகாமல் பூசை எப்படி? மனைவி திரும்பிப் பஸ்ஸைப் பார்த்தாள். அப்போதுதான் மூளை வேலை செய்தது. அது எப்போதாவது செய்யும்.

"பற்றரிதானே இதின்ர உயிர்? உயிரைக் கொண்டுபோவம். உடம்பு இஞ்சை நிக்கட்டும். கள்ளர் பயமும் இல்லை."

மனைவி கொஞ்சம் யோசித்தாள். "அம்மாளுக்கு விளங்கும்" என்றாள்.

சைக்கிளை மின்கம்பத்தோடு பூட்டிவிட்டுப் பற்றரியைத் தூக்கிக்கொண்டு படகில் ஏறினேன். அலை தெறிக்கத் தெறிக்க, எனக்குத் தந்த பாதுகாப்பு அங்கியைக் கழற்றிப் பற்றரிக்குச் சுற்றினேன்.

"இஞ்சருங்கோ" என்றாள் மனைவி, "படகு கடலுக்குள்ள தாண்டால் முதல்ல எதைத் தூக்கோணும் எண்டு இப்பவே சொல்லிவையுங்கோ."

படகுக்காரர் என்னை முறைக்க, அங்கி மறுபடியும் என் மேல் ஏறியது.

கோயிலில் சேர்ட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, பற்றரியைத் தோளில் வைத்து வரிசையில் நின்றேன். பக்கத்தில் நின்ற அக்கா ஒருவர் இரக்கத்தோடு கேட்டார்:

"நேர்த்திக்கடனோ தம்பி?"

"இல்லை அக்கா, சைக்கிள்."

அவர் ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

ஐயர் பற்றரியைக் கண்டதும் ஒரு கணம் திகைத்தார். மனைவி விஷயத்தைச் சொன்னாள். "பிடியுங்கோ" என்றார். பற்றரியின் மேல்பக்கத்தில் அழகான ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. சந்தனம் பட்டால் ஸ்டிக்கர் பழுதாகிவிடும் என்று, நான் மெல்லப் புரட்டி அடிப்பக்கத்தை நீட்டினேன். அடியில் நடுவிலே ஒரு சின்னக் குழி, பொட்டு வைக்கவென்றே செய்த மாதிரி. ஐயர் தாராளமான மனுசர். குழி நிறையச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்து, தட்டில் வெற்றிலை, பூ, வாழைப்பழம் தந்து அனுப்பினார். எனக்கு மெய் சிலிர்த்தது. ஸ்டிக்கர் தப்பிவிட்டது!

திரும்பி இறங்குதுறைக்கு வந்தபோது சைக்கிள் பத்திரமாக நின்றது. பக்கத்தில் நின்ற ஓட்டோக்காரர்தான் பத்திரமாக இல்லை.

"உங்கட சைக்கிளோ? நீங்கள் படகில ஏறினது துவக்கம் தாயைக் காணாத பசுக்கண்டு மாதிரிக் கத்தினது. வந்த சனமெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிட்டுது!"

ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்து அவரைச் சமாளித்தேன். பூட்டுகளைத் திறந்தேன். பற்றரியைச் செருகினேன். சாவியைத் திருப்பினேன்.

ஒன்றும் இல்லை. ஒரு விளக்கும் எரியவில்லை.

கழற்றிச் செருகினேன். தட்டினேன். கெஞ்சினேன். பக்கத்தில் பஸ் இரைந்துகொண்டு நின்றது. "வேலணை, ஊர்காவற்றுறை, ஏறுறாக்கள் ஏறுங்கோ!" என்று கொண்டக்டர் கூவினார். மனைவி பஸ்ஸைப் பார்த்தாள், சைக்கிளைப் பார்த்தாள், வியர்த்து நின்ற என்னைப் பார்த்தாள்.

"நீர் பஸ்ஸில போம்" என்றேன்.

"பூசை போட்டால் ஏறுவன் எண்டுதானே அம்மாளிட்டச் சொன்னனான்? ஓடினால் ஏறுவன் எண்டு சொல்லேல்லையே" என்றாள். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சேலையை ஒதுக்கிப் பின்னால் ஏறி இருந்தாள். "உழக்குங்கோ."

உழக்கினேன். ஐயோ, பற்றரி, மோட்டார், கண்ணாடிகள், பூட்டுகள், சங்கிலி, நான், அவள்! புங்குடுதீவு முடிவதற்குள் என் முழங்கால்கள் எனக்கு வாயில் வராத வார்த்தையெல்லாம் பேசின. ஆனால் தாம்போதியில் ஏறினோமோ இல்லையோ, காலையில் முகத்தில் அறைந்த அதே சோழகம் முதுகில் கையை வைத்தது. மனைவி குடையை விரித்தாள்.

சைக்கிள் பாய்ந்தது!

"பாய்மரம்!" என்று கத்தினாள். நானும் கத்தினேன். கடலுக்குள் நின்று வலை இழுத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

பாதி வழியில் குடை மேல்நோக்கிப் புரண்டுகொண்டது. அதை மடக்க நின்றபோதுதான் அவள் கேட்டாள்:

"ஐயருக்கு நீங்கள் எந்தப் பக்கத்தைக் காட்டினனீங்கள்?"

பற்றரியைக் கழற்றிப் புரட்டினோம். சைக்கிளோடு பொருந்துகிற வாய் முழுவதும் சந்தனம் காய்ந்து கிடந்தது. அவள் கொண்டையூசியை உருவினாள். "ஊசி வேண்டாம், பொறி பறக்கும்!" என்று பாய்ந்து தடுத்தேன். அர்ச்சனைத் தட்டில் வாங்கிய வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, அதனாலேயே பொறுமையாகச் சுரண்டி எடுத்தாள். சேலைத் தலைப்பால் துடைத்தாள். எடுத்த சந்தனத்தை வீணாக்காமல் என் நெற்றியில் பூசிவிட்டாள்.

சாவியைத் திருப்பினேன். விளக்கு எரிந்தது! எனக்குத் துள்ளவேண்டும் போல இருந்தது; துள்ளினேன்.

"ஏறும், ஏறும்! இனி உழக்கத் தேவையில்லை. சத்தமில்லாமல் போவம்."

அவள் ஏறினாள். குடையின் கம்பிகளை நிமிர்த்தி, மறுபடியும் விரித்துப் பிடித்தாள்.

"கரண்டை அமத்துங்கோ" என்றாள். "வேலணை வரட்டும், பேந்து போடலாம்."