இருபத்தேழு தவளைகளில் ஒன்று

தங்கை வீட்டில் தங்கியிருந்த நான், காலை ஐந்து நாற்பதுக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். முதலில் கண்ணில் பட்டது, சாப்பாட்டு மேசையின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்த இருபத்தேழு தவளைகள். எல்லாம் ரப்பர். பச்சை ஒன்பது, கறுப்பு ஆறு, மஞ்சள் நான்கு. மீதி எட்டும் எந்தத் தவளைக்கும் வாய்க்காத நிறங்கள். மேசையின் ஒரு முனையில் என் தங்கை கணவர் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். அவர் திண்டுக்கல்லில் கணக்கு வாத்தியார். தவளைகளுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தார்.

"மச்சான், கால் ஆட்டத்துக்குப் பத்துக்கு எம்புட்டுப் போடலாம்?" என்று ஒரு பச்சைத் தவளையைத் தூக்கிக் காட்டினார்.

"எனக்குத் தெரியாது மாப்ள. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

"அப்படிச் சொல்லக் கூடாது. இன்னைக்கு ஒண்ணுதான் பாஸாகும்."

இந்தத் தவளைகள் விரால் மீனுக்கானவை. தூண்டில் கம்பியில் கட்டி வீசி, நீர்ப்பரப்பில் தத்தித் தத்தி வருவதுபோல இழுக்க வேண்டும். நிஜத் தவளை என்று நம்பி விரால் பாய்ந்து கவ்வும். கொக்கி தவளையின் முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும். மீன் கடித்து ரப்பர் அமுங்கும்போதுதான் வெளியே நீளும். வேறு எது அமுக்கினாலும் நீளும் என்பது அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை திருப்பலியில் தெரிந்தது.

அன்று மாப்பிள்ளை புதிதாக வந்த தவளையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்திருந்தார். பூசை முடிந்து நண்பரிடம் காட்டுவதாக ஏற்பாடு. காணிக்கைப் பை கைமாறி வந்தபோது, அதை மார்போடு அணைத்து வாங்கிப் பக்கத்து ஆளிடம் கொடுத்தார். பையின் வெல்வெட்டில் கொக்கி ஏறிவிட்டது. தவளை பையோடு போய்விட்டது. மூன்று பெஞ்சு தாண்டிப் பெண்கள் பக்கம் போனதும், காசு போடக் கையை நீட்டிய ஒரு அம்மா, "யாத்தே, தவள!" என்று கத்தினார். பாடற்குழு பாதியில் நின்றது. பூசை முடிவில் உபதேசியார் ஒலிபெருக்கியில் திருமண அறிவிப்பு ஓலைகளை வாசித்தார். பிறகு அதே குரலில், காணிக்கைப் பையில் தவளை போட்டவர் சாமியார் அறையில் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று அறிவித்தார்.

வீட்டுக்கு வந்ததும் என் தங்கை ஒரே மூச்சில் தீர்ப்பைச் சொல்லிவிட்டாள். வீட்டில் ஒரு தவளைதான் இருக்கலாம். அதுவும், தவக்காலத்தில் கறி கூடாத அடுத்த வெள்ளிக்கிழமையின் மீன் குழம்புக்கு ஒரு விராலைக் கொண்டுவந்து தன் தகுதியை நிரூபிக்க வேண்டும். வராவிட்டால் அந்த ஒன்றும் தூண்டில் கம்பியும் வீட்டை விட்டுப் போக வேண்டும்.

"எனக்கு வேற என்ன பழக்கம் இருக்கு மச்சான்?" என்று மாப்பிள்ளை அந்த வாரம் என்னிடம் நான்கு முறை கேட்டார். "சீட்டு இல்ல. சிகரெட் இல்ல. ஒரு தவள."

"இருபத்தேழு," என்றாள் அடுப்படியிலிருந்து தங்கை.

அந்த வெள்ளிக்கிழமைதான் இது. ஆறு மணிக்கு அவருடைய மீன்பிடி நண்பர் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். அவர் பேருந்து நடத்துநர். அன்று அவருக்கு வார ஓய்வு. மேசையைப் பார்த்தார்.

"என்ன வாத்தியாரே, அரையாண்டுப் பரீட்சையா?"

"கிண்டல் பண்ணாதப்பா. நெறம் பத்து, காலாட்டம் பத்து, மெதப்பு பத்து, பாசியில சிக்காம வர்றது பத்து, சத்தம் பத்து. அம்பதுக்குப் போட்டிருக்கேன்."

"சத்தமா? ரப்பர் என்னத்தய்யா சத்தம் போடும்?"

"தண்ணியில விழுகுற சத்தம்." குளியலறை டிரம்மில் ஒவ்வொன்றையும் மூன்று முறை போட்டுப் பார்த்ததாக மாப்பிள்ளை சொன்னார். நாலரை மணிக்கு நான் கனவு என்று நினைத்த சத்தம் அதுதான்.

மஞ்சள் கோடு போட்ட கறுப்புத் தவளை நாற்பத்தேழு. பச்சை நாற்பத்தாறரை. பச்சைக்கு மறுகூட்டல் நடந்தது. மார்க் ஏறவில்லை. உலகத்தில் இதுவரை வந்த தவளைகளிலேயே சிறந்தது என்று மாப்பிள்ளை கறுப்பை உள்ளங்கையில் வைத்து அறிவித்தார். உலகத்தில் வந்தவற்றில் இருபத்தேழை மட்டும்தான் அவர் பார்த்திருக்கிறார் என்பதை நான் சொல்லவில்லை.

"பரோட்டா மாவ உருட்டிப் போட்டா அஞ்சு நிமிசத்துல மீனு," என்றார் நடத்துநர்.

"மாவுக்குக் கட்லாதான் வரும். கட்லாவத் தொடக் கூடாதுல்ல?"

இது உண்மை. நத்தம் சாலைப் பக்கம் நாங்கள் போகும் கண்மாயைக் குத்தகைக்கு எடுத்தவர் கட்லாவும் ரோகுவும் வளர்க்கிறார். விரால் அவருடைய குஞ்சுகளைத் தின்னும். அதனால் விராலைத் தூண்டிலில் பிடிப்பவர்களைக் கேள்வி கேட்காமல் விடுவார். கட்லா மாட்டினால் அவர் கண் முன்னால் திருப்பி விட வேண்டும்.

ஆறு முப்பத்தைந்துக்குக் கரையில் நின்றோம். அந்த வருடம் மழை நன்றாகப் பெய்திருந்ததால் மார்ச்சிலும் பாதிக் கண்மாய் தண்ணீர். குத்தகைக்காரர் கருவேல மர நிழலில் கட்டிலில் படுத்திருந்தார்.

"வாங்க வாத்தியாரே. கோயில்ல தவள விட்டீகளாம்ல?"

மாப்பிள்ளை தூண்டில் கம்பியை எடுத்துக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் போனார். எட்டே காலுக்குள் வீட்டுக்குத் திரும்பினால்தான் பள்ளிக்கு நேரத்துக்குப் போக முடியும். முதல் வீச்சு ஆறு நாற்பதுக்கு. அல்லி இலைகளுக்கு நடுவே தவளை அழகாக விழுந்தது. இரண்டு தத்து தத்தியது. மூன்றாவது தத்தில் பக்கத்து இலையிலிருந்து ஒரு நிஜத் தவளை பாய்ந்து அதன் முதுகில் ஏறிக் கட்டிக்கொண்டது. மாப்பிள்ளை இழுத்தார். இரண்டும் சேர்ந்து வந்தன. கரைக்கு வந்த பிறகும் அது விடவில்லை.

"நாப்பத்தேழு மார்க்கு வாங்குன பொண்ணுல்ல," என்றார் நடத்துநர். "அவன் விடுவானா?"

பிரித்து விட்டோம். அடுத்த வீச்சில் ஒரு கொக்கு தவளையைத் தூக்கிக்கொண்டு நான்கு அடி பறந்து, ருசி பிடிக்காமல் கீழே போட்டது. குத்தகைக்காரர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருடத்தில் அந்தக் கண்மாயில் இவ்வளவு நல்ல காலையை அவர் பார்த்ததில்லை என்றார். அதன் பிறகு நாற்பது நிமிடம் எதுவும் நடக்கவில்லை. ஏழரைக்குத் தவளை பாசியில் சிக்கியது. பாசியில் சிக்காமல் வருவதற்குப் பத்துக்குப் பத்து வாங்கிய தவளை அது.

மாப்பிள்ளை பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். முழங்கால் ஆழத்தில் சேறு இடது காலைப் பிடித்துக்கொண்டது. காலை உருவியபோது செருப்பு கழன்று மேலே வந்தது. ஸ்பாஞ்ச் செருப்பு, நீல நிறம். மெல்ல மிதந்து அல்லிப் பக்கம் போனது.

"செருப்பு போகுது வாத்தியாரே!"

"போகட்டும்ப்பா. தவளய எடுத்துட்டு எடுக்குறேன்."

அப்போது தண்ணீர் வெடித்தது. செருப்பு ஒரு சாண் உயரம் எழும்பி, கவிழ்ந்து விழுந்தது. அதன் குதிகால் பக்கத்தை ஏதோ இரண்டாவது முறையும் அடித்தது. வழவழப்பான கறுத்த முதுகு ஒன்று புரண்டு மறைந்தது.



"ஏலே," என்றார் நடத்துநர், "செருப்பக் கடிக்குதுலே!"

மாப்பிள்ளை ஒரு கையில் உலகத்தின் சிறந்த தவளையோடும், மறு கையால் எட்டிப் பிடித்த செருப்போடும் கரையேறினார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஏழு நாற்பத்தைந்து. நடத்துநரிடம் கத்தியை வாங்கி, செருப்பின் குதிகாலில் கட்டை விரல் அளவுக்கு ஒரு துண்டை வெட்டினார். தவளையிலிருந்து கொக்கியை உருவி அந்தத் துண்டில் ஏற்றினார். வீசினார். துண்டு விழுந்த இடத்தைத் தண்ணீர் அப்படியே விழுங்கியது.

எட்டு மணிக்கு விரால் கோணிப்பையில் துள்ளிக்கொண்டிருந்தது. குத்தகைக்காரர் தன் செருப்பைக் கழற்றித் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

வீட்டில் தங்கை விராலைப் பார்த்தாள். ஒரு நொடி சந்தோஷப்பட்டாள் என்றுதான் நினைக்கிறேன். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, எதுல புடிச்சாக?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நடத்துநர் கூரையைப் பார்த்தார்.

"செருப்புல," என்றேன்.

"கொக்கி தவளையோடது!" என்றார் மாப்பிள்ளை. "கொக்கி இல்லாம செருப்பு என்ன செய்யும்? பாதி மார்க்காவது தவளைக்கு உண்டு."

"மீனு வாயத் தொறந்தது எதுக்குங்க? கொக்கிக்கா?"

அவர் யோசித்தார். கணக்கு வாத்தியார், பொய் சொல்ல வரவில்லை.

"செருப்புக்கு."

"அப்ப அதுதான் வீட்டுல இருக்கும்."

தூண்டில் கம்பி தப்பியது. தவளைகள் அத்தனையும் ஒரு துணிப்பையில் ஏறி நடத்துநரின் ஸ்கூட்டரில் போயின. மாப்பிள்ளை வாசலில் நின்று, வண்டி தெருமுனை திரும்பும் வரை பார்த்தார். பிறகு கால் கழுவிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினார்.

பன்னிரண்டரைக்கு அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். டிபன் கேரியரின் மேல் தட்டில், எனக்குக்கூடக் கொடுக்காமல் தங்கை அவருக்கென்று எடுத்து வைத்த விராலின் தலை இருந்தது.