அக்கா கத்தரித்த கம்பளிக் காலுறைகள்

மாலை போட்ட படத்தின் கீழே மணக்க மணக்க எழுதுவதுதான் வழக்கம். எங்கள் அக்காவைப் பற்றி அப்படி எழுத எனக்கு வரவில்லை. அவர் செய்த மிகப் பெரிய காரியம் நாற்றத்தின் நடுவில் நடந்தது.

பூதப்பாண்டியில் பிறந்து, திருமணமாகித் திருவனந்தபுரம் வந்தவர் அக்கா. அத்தான் இளவயதிலேயே காலமானபின், பழவங்காடிக்குப் பின்னால் ஒரு சந்தில் வேஷத் துணிகள் தைத்து வாடகைக்கு விட்டு, இரண்டு பெண் பிள்ளைகளை ஆளாக்கினார். பள்ளி ஆண்டு விழாக்களுக்குப் போன துணி திரும்பி வந்தால், வெந்நீரில் அலசாமல் அலமாரியில் ஏற்றமாட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு படக் கம்பெனி அவரைத் தேடி வந்தது. முதல் உலகப் போரில் பாவாடை போன்ற கில்ட் உடுத்திப் போரிட்ட ஸ்காட்லாந்துச் சிப்பாய்களின் கதை. கால்களுக்கு வேண்டியது அத்தனையும் தைத்து வாடகைக்குத் தருவது அக்கா பொறுப்பு. முழங்காலுக்குக் கீழே மடித்துவிடும் கட்டம் போட்ட கம்பளிக் காலுறை, அது நழுவாதிருக்க ஒரு பட்டை, பட்டையில் தொங்கும் சிவப்பு நாடா, ஷூவின் மேல் பொத்தானிட்டு மாட்டும் வெள்ளை உறை. போர்க்களத்துச் சேறு அந்த ஷூக்களைக் காலிலிருந்தே உருவிக்கொண்டதாம். அதனால் பிந்திய காட்சிகளுக்குக் கனத்த பூட்ஸும், கணுக்காலில் சுற்றக் காக்கித் துணியும் தயாராயின.

படப்பிடிப்பு விதுரைக்கு மேலே, போனக்காட்டு மலையில். எஸ்டேட் லயக் குடியிருப்புகளில் இருந்த நம் தமிழ் ஆட்களுக்கே சிப்பாய் வேஷம். வேன் ஓட்டியது நான். விடாத மழையில், பதுங்குகுழிச் சேற்றில் நாள் முழுக்க நின்றார்கள். மாலையில் காலுறைகளை அலசி உலர்த்த அக்கா கேட்டபோது, தயாரிப்பு மேலாளர் நேரமில்லை என்று ஈரத்தோடு சாக்கில் கட்டிப்போட்டான்.

சில நாள் கழித்து ஒரு காலை சாக்கை அவிழ்த்தால், செத்த எலி வாடை. கம்பளியெங்கும் பூஞ்சை, நசுங்கிய அட்டைப் பூச்சிகள், யாருடையதென்றே தெரியாத ரத்தம், சீழ். செல்வன் என்ற தொழிலாளியின் விரலிடுக்குகள் வெந்ததுபோல் வெளுத்து உரிந்திருந்தன. அவரிடமும் ஒரு ஜோடியை நீட்டினான் மேலாளர்.

"வேகம் மாட்டு, வெளிச்சம் போவுது."

அக்கா குறுக்கே போய் நின்றார். "இது மனுசன் காலுல போடுகதா?"

"பட்டாளக்காரன்னா நாறத்தான் செய்யும் சேச்சி. கேமராவுக்கு மணம் கிட்டுமா?"

"அப்பம் நீ ஒண்ண மாட்டிக் காட்டு."

அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"ஒனக்கு அறப்பா இருக்குல்லா? அவங்களுக்கு இருக்காதா?"

பையிலிருந்து கத்தரியை எடுத்தார். மாதக்கணக்கில் தைத்தவற்றை, ஒவ்வொன்றாக மேலிருந்து கீழே கிழித்தார். போலீசில் சொல்வேன் என்று அவன் கத்தினான்.

"போய்ச் சொல்லு. சாமான் என்னுது."

அன்று கேமரா யார் இடுப்புக்கும் கீழே இறங்கவில்லை. கால் புண்ணானவர்களை வேனில் ஏற்றி விதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். செல்வனின் ஒரு விரலை எடுக்க நேருமோ என்று டாக்டரே பயந்தார். எடுக்காமல் ஆறியது.

அதன்பின் எந்தப் படக் கம்பெனியும் அக்காவை அழைக்கவில்லை. படம் வெளிவந்தபோது, சேறு எவ்வளவு தத்ரூபம் என்று பாராட்டினார்கள். அக்காவோ, "நம்ம சோலியப் பாப்போம்டே" என்பதோடு முடித்துக்கொண்டார்.

கடைசி மாதங்களில் நுரையீரல் நோய் அவரைப் படுக்க வைத்தது. சோறும் கஞ்சியும் கொண்டுவந்த அண்டை வீட்டார், ஆக்சிஜன் உருளை சுமந்த நண்பர்கள், இறுதிக் கடன்களில் தோள் கொடுத்த உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெயர் கேட்க மறந்துபோன ஒரு நர்சுக்கும். இனி அதிக நேரமில்லை என்று தெரிந்தபின்பும், "விரிப்பு ஈரமாட்டு இருக்கு மோளே" என்று அக்கா சொன்னதும், அவரைப் பூப்போல் தூக்கிப் புரட்டி, சலவை விரிப்பைச் சுருக்கமில்லாமல் விரித்துவிட்டுத்தான் அந்தப் பெண் நகர்ந்தார்.