கருப்பட்டியின் தொண்டையில் எலும்பு இல்லை

வடக்குப்பட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். நிலம் கம்பெனிக்குப் போனபின் எங்களுக்கு விளைச்சல் அந்த அறைகள்தான். கடைசி அறையில் இருந்தவள் மாரிசெல்வி. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை. குடிவரும்போது ஒரு பெட்டியும் ஒரு பக்கெட்டும்தான் கொண்டுவந்தாள். நாய்கள் பிறகு வந்தன.

லாரியில் அடிபட்டது, சொறி பிடித்தது, ரோட்டோரம் யாரோ விட்டுவிட்டுப் போனது என்று ஒவ்வொன்றாகத் தூக்கி வருவாள். உடம்பு தேறும்வரை வைத்திருந்து, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்துவிடுவாள். ஒன்று போனால் அடுத்தது வந்துவிடும். வாடகை ஒருத்திக்கு, குடித்தனம் ஐந்து பேருக்கா என்று நான் கத்தாத நாளில்லை. அவள் சிரித்துக்கொண்டே போய் நாய்ச் சோறு பிசைவாள். எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

அவளிடம் ஒரு கைப்பழக்கம் உண்டு. இந்தப் பக்கத்துக் குப்பையில் கேன்டீன் சோறும், பெட்டி கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையும் ஒன்றாகவே கிடக்கும். சோற்றோடு பட்டையையும் விழுங்கிவிட்டு நாய்கள் மூச்சுத் திணறும். மாரிசெல்வி நாயைக் காலிடுக்கில் பிடித்து, வாயைப் பிளந்து, இரண்டு விரலை விட்டு இழுத்துப் போட்டுவிடுவாள். கம்பெனி வாட்ச்மேன்கள்கூட அவளைத் தேடி வருவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான். எனக்கும்தான், சொல்லிக்கொண்டதில்லை.

2012இல், மழை ஓய்ந்த சமயம், கால் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தது கருப்பட்டி என்ற நாய்க்குட்டி. நிறத்துக்கேற்ற பெயர். மாரிசெல்வியின் லைன் சூப்பர்வைசர் பரசுராமன் தன் மகள் கங்காவுக்கு அதைக் கேட்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு பார்க்கவும் வந்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. தரையில் உட்கார்ந்தவளின் முகம் முழுக்க நக்கித் தீர்த்தது அந்தக் குட்டி. கங்கா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கே கொண்டுபோகிறேன் என்றார் பரசுராமன். கால் சரியாகட்டும், இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்றாள் மாரிசெல்வி. அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்.

அந்த வாரமே கருப்பட்டி சுருண்டுவிட்டது. ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால், மூலையில் வாய் திறந்தபடி கிடக்கிறது. கீழ்த்தாடை தொங்குகிறது, எச்சில் ஒழுகுகிறது, தண்ணீர்கூட இறங்கவில்லை. எலும்பு மாட்டிக்கொண்டது என்றாள் மாரிசெல்வி. எனக்கும் அப்படித்தான் பட்டது. நான் தள்ளி நின்று டார்ச் அடித்தேன். அவள் விரலை விட்டுத் துழாவினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி விட்டாள். ஒயர் கிழித்த காயங்கள் ஏற்கெனவே இருந்த விரல்களில் நாயின் பல்லும் கீறியது. அது கடிக்கவேயில்லை, பாவம்போலப் பார்த்துக்கொண்டிருந்தது. கூடையில் போட்டு மூடி, ஆட்டோ பிடித்து, ஸ்ரீபெரும்புதூர் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் கூடைக்குள் பார்த்தார். உடனே ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"வாய்ல கை வுட்டது யாரும்மா?"

மாரிசெல்வி கையைக் காட்டினாள். டாக்டர் அவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போய், சோப்பைக் கொடுத்துக் கழுவச் சொன்னார், கழுவக் கழுவ விடாமல் இன்னும் இன்னும் என்றார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். தொண்டையில் எலும்பும் இல்லை, பட்டையும் இல்லை. இது வெறிநோய். வெறி பிடித்த நாய் எல்லாமே துரத்திக் கடிக்காது. சிலது இப்படித் தாடை தொங்கிப்போய்ச் சும்மா கிடக்கும். நாய் பிழைக்காது, இங்கேயே இருக்கட்டும். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தக் கையைத்தானே நான் மெச்சிக்கொண்டிருந்தேன்!

மாரிசெல்வி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை நன்றாகத்தானே விளையாடியது, அப்போது யாரையாவது நக்கியிருந்தால்? நோய் வெளியே தெரிவதற்குச் சில நாள் முன்பே எச்சிலில் இருக்கும், அவர்களையும் கூட்டிவா என்றார் டாக்டர்.

முதலில் நீ ஊசி போட்டுக்கொள் என்று ரோட்டிலேயே அவளைத் திட்டினேன். கம்பெனியில் லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, பரசுராமனுடையது லாக்கரில் கிடக்கும். அவள் ஆட்டோவை ஒரகடத்துக்குத் திருப்பச் சொன்னாள்.

"எனக்கான ஊசி எங்கக்கா ஓடிரப் போவுது? அந்தப் பிள்ள மூஞ்சி பூரா நக்கிருக்கு."

கேட்டில் செக்யூரிட்டியிடம் மன்றாடிப் பரசுராமனை வெளியே வரவழைத்தாள். லீவு போட்டவள் வந்து நிற்கிறாளே என்ற கோபத்தோடுதான் வந்தார். விஷயத்தைச் சொன்னதும் கத்தினார். நோய் நாயைக் குழந்தை மேல் விட்டாயே என்றார், நாளையிலிருந்து வேலைக்கு வராதே என்றார். எனக்கு நாக்கு துடித்தது. மாரிசெல்வி என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"பொறவு திட்டுங்க சார். மொதல்ல பிள்ளய ஸ்கூல்ல இருந்து கூட்டியாங்க."

அந்த மனுஷனுக்கு அப்போதுதான் உறைத்தது. பைக்கை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் பறந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் கங்கா ஊசியைப் பார்த்ததும் அலறி அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நர்ஸ் பிடிக்கச் சொன்னார். பரசுராமனால் பிடிக்க முடியவில்லை. எனக்கு முதலில் போடுங்கள், பிள்ளை பார்க்கட்டும் என்றாள் மாரிசெல்வி. புஜத்தில் ஒரு ஊசி. பிறகு விரல்களில் காயம் இருந்த இடத்தையெல்லாம் சுற்றிச் சுற்றிக் குத்தினார்கள். விரல் நுனியில் மருந்து ஏறுவதை என்னால் பார்க்க முடியவில்லை. அவள் கங்காவைப் பார்த்துச் சிரித்தபடியே இருந்தாள். எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கிறது என்றாள். கொஞ்ச நேரம் கழித்துக் கங்கா கையை நீட்டினாள்.

மறுநாள் நாய் செத்துவிட்டது. ஊசிகள் எல்லாம் முடிந்தன, இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பரசுராமன் வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. ஆனால் எனக்கு அதெல்லாம் மனதில் நிற்கவில்லை. முதல் ஊசி போட்ட அன்று அப்பாவும் மகளும் பைக்கில் கிளம்பிப் போனதும், மாரிசெல்வி ஆஸ்பத்திரிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நான் செத்துருவனா?"

காலையிலிருந்து அவளுக்குள்ளும் அந்தப் பயம் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

"மாட்டடி."

"டாக்டர் சொன்னாரா?"

"சொன்னாரு" என்றேன். டாக்டரிடம் அதைக் கேட்க எனக்குத் தைரியம் வந்திருக்கவில்லை.