தொலைந்த பிள்ளைகளின் பந்தல்

செவிலிமேட்டு மரியம்மாள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்தாள். வைகாசியில் கருட சேவை அன்று மட்டும் அவளுக்கு இன்னொரு வேலை உண்டு. ஊர் கொள்ளாமல் ஜனம் திரளும் அந்தக் காலையில், கை நழுவிப்போகும் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ள, அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியர் மாணிக்கவாசகம் கங்கைகொண்டான் மண்டபத்துக்குப் பக்கத்தில் கீற்றுப் பந்தல் ஒன்று போடுவார். "அழற புள்ளைங்க உன் மடியிலதாம்மா அடங்குது" என்று அவர் கூப்பிட்டு, 1960-இல் வந்தவள் அவள். கூலி கிடையாது. வருஷத்துக்கு முப்பது நாற்பது பிள்ளைகளாவது வந்துவிடும். அவர் ஒலிபெருக்கியில் அடையாளம் சொல்வார். அப்பனோ ஆத்தாளோ ஓடி வருவார்கள். மரியம்மாள் பிள்ளையின் மூக்கைத் துடைத்து அனுப்பி வைப்பாள்.

1971-ஆம் வருஷம். காலை எட்டு மணி இருக்கும். இரண்டரை வயசுப் பெண் குழந்தை ஒன்று வந்து சேர்ந்தது. பச்சைப் பாவாடை, காதில் தங்கக் கம்மல், காலில் வெள்ளிக் கொலுசு. அழுது களைத்து மரியம்மாளின் தோளிலேயே தூங்கிவிட்டது. அறிவிப்பு முடிந்த கொஞ்ச நேரத்தில் ஒருத்தி தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். "ஐயோ என் கண்ணு, இங்கயா இருக்கற!" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். மரியம்மாளுக்கும் கண் கலங்கியது. தூங்குகிற குழந்தையை அப்படியே தூக்கிக் கொடுத்தாள்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. திருப்புட்குழியிலிருந்து வந்திருந்த கிருஷ்ணவேணி பந்தலில் வந்து நின்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை, மூச்சுதான் வாங்கியது.

"மைக்குல சொன்னாங்களேமா, பச்சைப் பாவாடைன்னு. கன்னத்துல மச்சம் இருக்குது. எங்கமா என் பொண்ணு?"

அந்த மச்சத்தை மரியம்மாள் பார்த்திருந்தாள். முன்னால் வந்தவளிடம் அதைக் கேட்கவில்லை.

"குடுத்துட்டேனே" என்றாள்.

மாணிக்கவாசகம் போலீஸைத் தேடி ஓடினார். மற்றப் பிள்ளைகளை, உதவிக்கு வந்திருந்த ஒரு டீச்சரிடம் விட்டுவிட்டு மரியம்மாள் தெருவில் இறங்கினாள். நகைக்குத்தான் தூக்கியிருப்பாள். கழற்றுவதற்கு ஆளில்லாத இடம் வேண்டும். ஜனமெல்லாம் சாமி வரும் பெரிய தெருவில் நின்றது. அவள் நெசவாளர் சந்துகளுக்குள் ஓடினாள். மற்ற நாளில் தறிச் சத்தம் காதைத் துளைக்கும். அன்று ஒரு வீட்டிலும் தறி ஓடவில்லை. கதவெல்லாம் பூட்டிக் கிடந்தது. "பாப்பா, பாப்பா" என்று கூப்பிட்டாள். குழந்தையின் பேர்கூட அவளுக்குத் தெரியாது.

மூன்றாவது சந்தின் முனையில் பொதுக் கிணறு. கைப்பிடிச் சுவர் பாதி இடிந்திருந்தது. அதன் ஓரத்தில் கொலுசு முத்து ஒன்று கிடந்தது.

மரியம்மாள் ஓடுவதை நிறுத்தினாள். எட்டிப் பார்த்தே ஆக வேண்டும், பார்க்கவும் முடியவில்லை. "மாதாவே, மாதாவே" என்று முணுமுணுத்தபடி முழங்காலில் ஊர்ந்து போய்க் குனிந்தாள். ஆழத்தில் தண்ணீர் கறுப்பாக, அசையாமல் கிடந்தது. அது அசையாமல் இருந்ததுதான் அவளை நடுங்க வைத்தது. எல்லாம் முடிந்துபோயிருந்தாலும் இப்படித்தானே இருக்கும்?

பின்னால் விக்கல் மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டும் மரக்கால்களைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதன் பின்னால் குழந்தை உட்கார்ந்திருந்தது. இரண்டு காதிலும் ரத்தம். அழத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

பந்தலில் கிருஷ்ணவேணி பிள்ளையை வாங்கி மாரோடு அணைத்துக்கொண்டாள். பிறகு மரியம்மாள் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். "இவளும் கூட்டுதான்யா" என்றது கூட்டத்தில் ஒரு குரல். சாயங்காலம் வரை காவல் நிலையத்தில் உட்கார வைத்து விசாரித்தார்கள். மாணிக்கவாசகம் போய் எழுதிக் கொடுத்து அழைத்து வந்தார். தூக்கிப் போனவள் கடைசிவரை அகப்படவில்லை.

அடுத்த வைகாசியில் அவர் கூப்பிட்டபோது மரியம்மாள் மறுத்தாள். "நான் வரலை சார். நெனச்சாலே பயமா இருக்குது."

"வேற ஆளை வெக்கலாம்மா. ஆனா அவங்களுக்கு இந்தப் பயம் தெரியாதே."

போனாள். அதன் பிறகு அடையாளம் கேட்காமல், பிள்ளை தானாகத் தாவாமல் யாரிடமும் கொடுத்ததில்லை. ஒரு தடவை, தூக்கக் கலக்கத்தில் பிள்ளை வர மறுத்ததும், தகப்பன் கையை ஓங்கிவிட்டான். "அடிச்சுக்கோ நைனா. உங்க வீட்டம்மா வரட்டும், அப்பால தரேன்" என்று பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

1975 குடியரசு தினத்தில், பிள்ளைகளுக்காக உழைத்தவர்களுக்குச் சால்வை போர்த்த ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அவளைப் பற்றி எழுதியதை மாணிக்கவாசகம் படித்துக் காட்டினார்.

"அந்தப் பச்சைப் பாவாடைக் கொழந்தைய விட்டுட்டீங்களே சார்."

"அது எதுக்கும்மா இப்போ?"

"அதையும் எழுதுங்க. இல்லன்னா எனக்கு இது வேணாம்."

எழுதினார். மேடையில் அதையும் படித்தார்கள். படித்து முடிக்கும்வரை மரியம்மாள் தலை நிமிரவில்லை. கூட்டத்திலிருந்து யாராவது எழுந்து கேட்டுவிடுவார்களோ என்று காத்திருந்தாள். யாரும் எழவில்லை. கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகும் அவள் வருஷம் தவறாமல் போனாள். கடைசிப் பிள்ளை போகும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள்.

"இவ்ளோ பயந்துக்கினு எதுக்குமா போற?" என்று, ஒரு வருஷம் அவள் வீடு திரும்பியதும், கணவர் முனிரத்தினம் கேட்டார்.

"நான் போகாம இருந்து, வேற யாராவது சட்டுனு தூக்கிக் குடுத்துட்டா?"

முனிரத்தினம் அவளுக்குச் சாப்பாடு போட்டு வைத்தார்.