மிஞ்சிய போல்ட்

சட்டைப்பையிலிருந்து அந்த ஒற்றை போல்ட்டை எடுத்து, உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி வண்டிக்கடியில் போய்ப் படுக்கிறார் கடிகாரக்காரர். மூன்று வாரமாகப் பொழுது விடிந்தால் இதே வேலை.

கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர் அவர். கழற்றியது அத்தனையும் திரும்ப உள்ளே போயாக வேண்டும். ஒரு திருகாணி மேசையில் தங்கிவிட்டால், நன்றாக ஓடுகிற கடிகாரத்தையும் பிரித்துப் போட்டுவிடுவார். இப்போது பழைய ஸ்டேஷன் வேகன் கார் ஒன்றை முழுக்கப் பூட்டி முடித்த பிறகு, கழற்றிய போல்ட்டுகளைப் போட்டுவைக்கும் மாத்திரை டப்பாவின் அடியில் ஒரு போல்ட் மிஞ்சிக் கிடக்கிறது.

எதிர்ப் பட்டறை மெக்கானிக் சிரித்தார். "யோவ், வண்டிக்கு எடை குறைஞ்சுதுன்னு சந்தோஷப்படுய்யா!"

"உன் வண்டின்னா படுவேன். இதுல ஏறப்போறது என் அக்கா."

அதுதான் விஷயம். அவர், மனைவி, இரண்டு மகள்கள் என்று ஸ்கூட்டரில் நாலு பேர்தான் தொற்றிக்கொள்ள முடியும். தாயில்லாத அவரை வளர்த்து ஆளாக்கிய அக்கா எப்போதும் வாசற்படியில் நின்று, "போயிட்டு வாங்க, வீட்ட நான் பாத்துக்கறேன்" என்பாள். போன வருடம் கடற்கரைக்குப் போனவர்கள், மகளின் தொப்பியை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பினார்கள். உள்ளே அக்கா, இஸ்திரி போட்டு வைத்திருந்த புதுப்புடவையை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுவாரமே துருப்பிடித்த அந்த நீள வண்டியை இழுத்து வந்தார். அடித்தகடு மாற்றினார், எஞ்சினைப் பிரித்துப் பூட்டினார், மனைவி இருக்கைகளுக்கு உறை தைத்தாள். எல்லாம் முடிந்தபோதுதான் இந்த போல்ட். அக்காவையும் கூட்டிக்கொண்டு போகவிருந்த கடற்கரைப் பயணம் மூன்று தடவை தள்ளிப்போயிற்று.

"என் ராசி அப்படி. நீங்க ஸ்கூட்டர்லயே போயிட்டு வாங்கடா" என்றாள் அக்கா.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர் நாற்காலியில் மகள் புத்தகப்பை கிடந்ததால், அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தார். அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தேநீர் மடியில் கொட்டியது.

"ஐயோ, பாத்துடா! ஒரு மாசமா அது ஆடுது. காலுக்கடியில காகிதம் மடிச்சு வெச்சிருந்தேன்."

அவர் குனிந்தார். நாற்காலிக் கால் பொருந்துமிடத்தில் ஒரு துளை காலியாக இருந்தது. கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. போல்ட் நாலே சுற்றில் உள்ளே இறங்கி உட்கார்ந்தது.

"இது எப்படிக்கா என் டப்பாவுக்கு வந்துது?"

"பெருக்கறப்ப கீழ கெடந்துது. வண்டி சாமானாச்சே, தொலைஞ்சா தவிச்சுப் போவியேன்னு நான்தான் எடுத்துப் போட்டேன்."

"நல்லா இருக்கு அண்ணி!" மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உங்க பயணத்த நீங்களே நிறுத்தி வெச்சிருக்கீங்க!"

அவர் தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தார். கண்ணில் நீர் முட்டும்வரை சிரித்தார்.

ஒரு மணி நேரத்தில் வண்டி வாசலில் உறுமியது. புதுப்புடவையில் அக்கா, பழக்கதோஷத்தில் வாசற்படியிலேயே நின்றாள். கையில் பூட்டும் சாவியும்.

"வீட்ட நான்…"

அவர் இறங்கி வந்து பூட்டை வாங்கினார். கதவைப் பூட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். சாவியை, போல்ட் இருந்த சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.